மஞ்சள் கேசட்டும் முனியாண்டி சேவலும்

அன்புள்ள தம்பி,

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தை நீயே தட்டச்சு செய்து, அடியில் கோடு போட்டு, கிழவி இடம் மாறிப் போட்டுவிடக் கூடாது என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு, நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் என் கையில் கொடுத்துவிட்டுப் பினாங்குக்குப் போனாய். நான் இன்னும் போடவில்லை. உனக்குக் கோபம் இருக்கும். அதை வெளியே காட்டாமல், போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று அளவுக்கு மீறி அன்பாக விசாரிக்கிறாய். உன் அன்பு இப்படிப் பொங்கினால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. கையெழுத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது. உன் தங்கை மாலதியும் படிக்கலாம், எனக்கு மருமகளாக வரப்போகிற ஷாமினியும் படிக்கலாம். அப்பாவிடம் மட்டும் காட்ட வேண்டாம். ஏன் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மீதியைப் படிக்கமாட்டாய், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

நீ விற்கப் பார்க்கிற அந்த மஞ்சள் கேசட்டைப் பற்றி எனக்குப் புரிந்தவரை முதலில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள். ஜப்பானில் ஒரு சின்னக் கம்பெனி அந்த டிவி விளையாட்டைச் செய்தது. ஒரு பையன் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுவான். சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. கதவைத் தட்டுவான், கிணற்றை எட்டிப் பார்ப்பான், வழியில் நிற்கிறவர்களிடம் பேசுவான், சாவி தேடுவான். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுடுகிற விளையாட்டுதான் வேண்டியிருந்ததாம். இது விற்கவில்லை, கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஹாங்காங் பக்கம் எவனோ அதைத் திருட்டுத்தனமாகக் காப்பியடித்து, முதலில் வருகிற படத்தை மாற்றி, மஞ்சள் பிளாஸ்டிக்கில் அடைத்து, நம் ஊர்ப் பக்கம் தள்ளிவிட்டான். நாம் சிப்லாக் என்று சொல்கிற திருட்டுச் சரக்குதான். காப்பியடித்தவன் எங்கேயோ எதையோ கெடுத்துவைக்க, நம் கேசட்டில் கடைசிக் கதவு மட்டும் திறக்கவே திறக்காது. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, நமக்கு ஒரு மண்ணும் புரியாது. நீயாக ஒரு கதை கட்டி, அந்தக் கதவுக்குப் பின்னால் அவனுடைய அம்மா இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு, ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அங்கேயே முட்டிக்கொண்டு கிடந்தாய். போன வருடம்தான் உண்மையை இணையத்தில் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். "ம்மா, என் தப்பு இல்லம்மா! அது தொறக்கவே தொறக்காதாம்மா!" என்றாய். தொழிற்சாலையில் உனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள், நீயோ சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இதுவரை புரிகிறது. இதற்கு மேல்தான் தலை சுற்றுகிறது. ஜப்பான்காரன் செய்த அசல் கேசட் இப்போதும் தேடினால் கிடைக்கிறதாம். நம்மிடம் இருக்கிற திருட்டுக் கேசட் கிடைப்பதில்லையாம். கதவு திறக்காத கேசட் என்பதாலேயே சேர்த்துவைக்கிறவர்கள் அதைத் தேடி அலைகிறார்களாம். அப்படியானால் கெட்டுப்போனதுக்கு மவுசு, நன்றாக ஓடுகிறதுக்கு மவுசு இல்லை. சரி என்று அதையும் ஒப்புக்கொண்டேன். பிறகு நீ சொன்னாய், இப்போது சில பேர் இந்தத் திருட்டுக் கேசட்டைப் போலவே புதிதாகத் திருட்டுக் கேசட் செய்து, வெயிலில் காயவைத்துப் பழசாக்கி விற்கிறார்கள் என்று. போலிக்கும் போலி! பெட்டியைப் பிரிக்காமல், ஒரு தடவைகூட விளையாடாமல் வைத்திருந்தால் விலை இன்னும் ஏறுமாம். விளையாட்டுச் சாமானை விளையாடாமல் வைத்திருக்கிற பிள்ளை உலகத்தில் எங்கே பிறந்திருக்கிறது? சரஸ்வதி பூஜைக்கு நீ புத்தகங்களோடு அதையும் கொண்டுவந்து வைத்தாய், நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்தக் கறைக்கு இப்போது தரம் பார்த்து விலை போடுகிறவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள் என்றாய். சாமிக்கு முன்னால் வைத்த பொருளுக்கு மதிப்பெண் குறைக்கிற ஆள் யார் என்று கேட்டேன். அதை வாங்க வருகிற சிங்கப்பூர்க்காரர், நம்முடையது போலியான போலி இல்லை, அசலான போலிதான் என்று நம்ப வேண்டுமானால், எங்கே, யார், எப்படி வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கப்போகிற வீட்டுக்கு முன்பணம் சேர வேண்டும் என்பதால் நீயும் அவசரப்படுகிறாய். முப்பத்தெட்டு வயது வரை கல்யாணத்துக்கு அவசரப்படாதவன் இந்தக் கேசட்டுக்கு அவசரப்படுகிறாயே என்று உன்னைக் கேலி செய்தது நினைவிருக்கும்.

வம்பு நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மத்தியானம் ஆரம்பித்தது. சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் காலை நீட்டிக்கொண்டிருந்தோம். நீ அந்தக் காகிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னாய். ஈப்போவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிக் கடையில், நீ பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக நான் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். மாலதி எழுந்து உட்கார்ந்தாள். "என்னா பரீட்சை? அது என் கேசட்டுலா! என் கூட்டாளி புஷ்பா இரவல் குடுத்தது. நீதான் புடுங்கிக்கிட்டுத் தரல." உடனே அப்பா கையை ஓங்கினார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஆயர் தாவார்ல ராத்திரிச் சந்த போடுவானே, அந்த பசார் மாலாம்ல நான் வாங்கினேன். மழ வேற பேஞ்சிச்சு. கடைக்காரன்கிட்ட பேரம் பேசி, நனைஞ்சிக்கிட்டே வாங்கினேன்." நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சேவலக் குடுத்துத்தான வாங்கினோம்?" என்றேன். அவ்வளவுதான். வீடே சிரித்தது. "என்னா சேவல்? நம்ப வீட்டுல ஏது சேவல்?" என்று அப்பா கேட்டார். "அம்மாவ தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு போயி விடணும்லா!" என்று மாலதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைச் சொல்லிக் கேலி செய்யாத வீடு பேராக்கில் கிடையாது. நானே உன்னை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அன்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நீ ஒருவன்தான் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நீ போன் செய்தாய். "ம்மா, ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு செக்கப்தான். ஞாபக சக்திக்குன்னு இப்ப நல்ல டாக்டர் இருக்காரு. வியாழக்கிழம நான் வாரேன், சேந்து போலாம்." நீ சிரித்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன், எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. உடனே அதுவே ஒரு சாட்சியாகிவிட்டது. போன வாரம் சோற்றுப் பானைக்குச் சுவிட்ச் போடாமல் விட்டது நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டுப் பெண்ணின் பெயர் வாயில் வராமல், இந்தா, இந்தா என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்று இருந்தவள், ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளிக் கேண்டீனில் வேலை செய்த காலத்தில் எந்தப் பிள்ளைக்கு மீ கோரேங்கில் முட்டை வேண்டாம், எந்தப் பிள்ளைக்குச் சம்பல் வேண்டாம் என்று எழுதிவைக்காமல் சொல்லுவேன். அந்தத் தலைதான் இது. அது கழன்றுகொண்டிருக்கிறதா என்று எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். உன் விளக்குப் பையன் போகிற வழியை ஒப்பித்துப் பார்த்தேன். கிணறு, கொல்லன் பட்டறை, உடைந்த பாலம், ஆந்தை உட்கார்ந்திருக்கிற மரம், பிறகு கதவு. நீ கத்திக் கத்தி விளையாடியது எல்லாம் சரியாக வந்தது. ஆனால் சரியாக வந்ததா என்று யாரிடம் கேட்பது?

அந்தச் சேவல் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்று சொல்கிறேன், நீயே பார். நாம் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, தண்ணீர்கூட நிற்கவில்லை. பிள்ளை பிழைத்தால் சேவல் விடுகிறேன் என்று தோட்டத்து முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டேன். நீ எழுந்து நடந்ததும் ஒரு குஞ்சை வாங்கி, சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிய அதன் காலில் துணி கட்டி வளர்த்தேன். நல்ல சிவப்பு, கழுத்தில் பொன்னிறம், கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது வளர்ந்து முடிவதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறோம், வீடுகளைக் காலி செய்யுங்கள் என்றார்கள். அப்பா முதல் நடைக்குச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். நான், நீ, மாலதி, அந்தச் சேவல் நான்கு பேர்தான் மிச்சம். போகிற வழியில் கோவிலில் விட்டுவிட்டுப் போகலாம் என்று சேவலைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். தகரக் கூரைகளைப் பிரித்து எடுக்க வந்த ஒரு சீனக் கிழவர் தன் லோரிக்குள் அந்த மஞ்சள் கேசட்டைப் போட்டு வைத்திருந்தார். அவர் பேரனுடையதோ யாருடையதோ. நீ அதைப் பார்த்துவிட்டாய். முந்தின தீபாவளிக்கு வாங்கிய டிவி கேம் பெட்டியும் ஒரே ஒரு கேசட்டும்தான் அப்போது உன்னிடம் இருந்தது. ஈப்போவுக்கு வரமாட்டேன் என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவன் அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தாய். கிழவர் என் கூடையைப் பார்த்தார். நான் காசு கொடுக்கிறேன் என்றேன். "டுயிட் தா மாவ், அயாம் மாவ்" என்றார். காசு வேண்டாம், கோழிதான் வேண்டும். அன்று எனக்கு முனியாண்டியைவிட நீ அழுகிறதுதான் பெரிதாக இருந்தது. துணியை அவிழ்த்துவிட்டுச் சேவலைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாமிக்கு நேந்ததப் போயி எவளாச்சும் டிவி கேமுக்கு மாத்துவாளா? ஒனக்கு மண்ட ஓடலியா?" என்றார். எத்தனையோ நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சிறுபிள்ளைகள் நீங்கள் மறந்தது நியாயம். இவ்வளவு கோபப்பட்ட மனிதர் எப்படி மறப்பார்? அதனால்தான் நான் குழம்பிப்போனேன். அவர் ஏது சேவல் என்று கேட்ட தெளிவு அப்படி. மழை பெய்தது, நனைந்தேன், பேரம் பேசினேன் என்று அடுக்கடுக்காகச் சொல்கிறவரை விட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு முனகுகிறவளை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அந்தச் சேவலின் கொண்டை சாய்ந்திருந்தது என்பதை எங்கேயாவது ஒரு படத்தில் பார்த்துவிட்டு என் வீட்டுச் சேவல் என்று நினைத்துக்கொள்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. குடும்பம் நடத்தப்போகிறவன் நீ, அதனால் இதை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளை நீயும் ஷாமினியும் இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பீர்கள், அது நிச்சயம் நடக்கும். அப்போது யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் நியாயத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதே. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாலும் கடைசிவரை கேள். அவள் சொல்வது தப்பாகவே இருந்தாலும், நாலு பேர் நடுவில் சிரித்துவிடாதே, நோயாளியிடம் பேசுகிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்து மெதுவாகவும் பேசிவிடாதே. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பத்திரிகையை முனியாண்டிக்கு வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். சொன்னது பொய் இல்லை, நம் வீட்டில் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் பத்திரிகை அங்கேதான் போகும். ஆனால் என் மனதில் வேறு கணக்கும் இருந்தது. அந்தக் கோவிலை இப்போது சிங்காரம் பார்த்துக்கொள்கிறான். அப்பா லோரி ஓட்டிய காலத்தில் பாகான் டத்தோவுக்குத் தேங்காய் ஏற்றப் போனாலும், ஆலைக்குச் செம்பனைக் குலை கொண்டுபோனாலும், பக்கத்து சீட்டில் ஏற்றி இறக்கக் கூடவரும் கிளிண்டானாக உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அப்பாவுக்கு உடன்பிறந்த தம்பி மாதிரி. நம் வீட்டில் சேவல் இருந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாமல் போகாது. தேங்காய், பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அப்பாதான் வண்டி ஓட்டினார். போத்தா பாலத்தைத் தாண்டி நன்றாகத்தான் போனோம், ஆயர் தாவாரில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அடுத்த ஊர் சித்தியவான் வரைக்கும் போய்விட்டார். "ரோட்ட மாத்திப் போட்டுட்டானுங்க, ஒரு போர்டு இல்ல" என்று திட்டினார். நானும் அவரோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினேன்.

கோவில் அதே இடத்தில்தான் இருக்கிறது, சுற்றிலும் செம்பனை. சிங்காரம் கூட்டிக்கொண்டிருந்தவன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணே! அண்ணி! மாப்புள கல்யாணமா?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பூசை முடிந்ததும், என்னால் பொறுக்க முடியாமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "சிங்காரம், நாங்க தோட்டத்த விட்டுப் போறப்ப எங்க வூட்டுல ஒரு சேவல் இருந்திச்சா?" அவன் சிரித்துவிட்டான். "என்னா அண்ணி இப்புடி கேக்குறீங்க? சாமி சேவல்தான? கூரை பிரிக்க வந்த சீன அப்பேக்குகிட்ட டிவி கேமுக்குக் குடுத்துட்டீங்கன்னு அண்ணே லோரியில போறப்ப பொலம்பாத நாளு இல்ல. மறு வருசம் அவரே ஒரு சேவல லோரியில போட்டுக் கொண்டாந்து இங்க விட்டாரு. இது அந்தக் கடன், அவகிட்ட சொல்லாதேன்னாரு. நானும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல அண்ணி." தம்பி, அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. என் தலை என்னிடம்தான் இருக்கிறது. சேவலும் இருந்தது, கிழவரும் இருந்தார். அதோடு, என்னிடம் முகம் கொடுக்காமல் திரிந்த மனிதர் எனக்காக ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து சாமியிடம் கணக்கைத் தீர்த்திருக்கிறார், அதை இத்தனை வருடம் என்னிடம் சொல்லவும் இல்லை. பெருமை பொங்க அவர் பக்கம் திரும்பினேன், நன்றாகக் கேலி செய்யவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் சிங்காரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் பெயர் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

திரும்பி வரும்போது செம்பனைக்கு நடுவில் இருக்கிற மண் பாதையில் மெதுவாக ஓட்டிவந்தார். பெரிய ரோட்டுக்கு வந்ததும், "அந்தப் பூசாரி நல்லாப் பேசுறாருலா. எந்த ஊரு ஆளு அவரு?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு வீடு வருகிற வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை, அவருக்காகவும் கும்பிட்டேன், அவர் கையில் இருக்கிற ஸ்டியரிங்குக்காகவும் கும்பிட்டேன். ஈப்போவுக்குத் திரும்புகிற வழி அவருக்குத் தடுமாறவில்லை, அது எப்படி என்றும் புரியவில்லை. காலையில் வழி தவறியவர் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார். சிங்காரத்தைத் தெரியாதவருக்கு, வீட்டுக்கு வந்ததும் அவனோடு சேர்ந்து பாகான் டத்தோவில் லோரி சேற்றில் மாட்டிக்கொண்ட கதையை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லத் தெரிகிறது. எனக்கு எங்கே பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆனால் இப்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. கொஞ்ச காலமாக அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போவதில்லை, அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் வெட்டிப் பேச்சு பேசுகிறார்கள் என்பார். கடையில் மீதிக் காசை என்னை எண்ணச் சொல்வார். உனக்குப் போன் போடவேண்டும் என்றால் போனை என்னிடம் நீட்டுவார். நான் சோம்பேறி என்று திட்டுவேன், கிழவருக்குத் திமிர் என்று மாலதியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பசார் மாலாமும் மழையும் பேரமும் அவர் சொன்ன பொய் இல்லை, தம்பி. சேவல் இருந்த இடம் அவருக்குக் காலியாகிவிட்டது, அந்த இடத்தில் எதையாவது வைக்காமல் அவரால் உட்கார முடியவில்லை. அன்று ஹாலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்து. அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சேவல் இருந்தது என்று தெரிந்ததில் எனக்கு வந்த சந்தோஷம் அந்தக் கோவில் வாசலைத் தாண்டவில்லை. பைத்தியம் எனக்கே பிடித்திருந்தால் தேவலாம் என்று இருக்கிறது. என்னை அவர் பார்த்துக்கொள்வார். அவரை நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் பார்த்துக்கொள்ள அவர் விடவேண்டுமே.

கேசட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பரீட்சை, மாடிக் கடை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சேவல் கொடுத்து வாங்கினது என்று எழுது, நான் போடுகிறேன் கையெழுத்து. சிங்காரமும் போடுவான். சிங்கப்பூர்க்காரர் நம்பினால் வாங்கிக்கொண்டு போகட்டும், நம்பாவிட்டால் அது நம் வீட்டிலேயே கிடக்கட்டும், உங்கள் வீட்டுக்கு வேறு வழி பார்க்கலாம். அதைப் பற்றி எனக்கு இப்போது யோசிக்கத் தெம்பில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று நீ கேட்பாய், தெரியும். தள்ளாதே. மாலை மாற்றுவதை அவர் தெளிவாக இருக்கும்போதே பார்க்கட்டும். ஷாமினியிடம் மறைக்காதே, அவள் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் பார்க்காதே. அவள் உன்னிடம் கேட்கிற முதல் கேள்வி அப்பா எப்படி இருக்கிறார் என்பதாக இருந்தால், நல்ல பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாய் என்று நிம்மதியாக இரு.

டாக்டரிடம் வாங்கியிருக்கிற நேரத்தை ரத்து செய்துவிடாதே. வியாழக்கிழமை நான் வருகிறேன். உங்களுக்குத்தான் பரிசோதனை என்று சொன்னால் அப்பா படியைத் தாண்டமாட்டார், போனையே உடைத்துவிடுவார். எனக்குத் துணைக்கு என்றால் சட்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வை. முதலில் என்னைக் கேட்கட்டும், என்ன கிழமை, என்ன மாதம், நூறிலிருந்து ஏழைக் கழி, என்னவெல்லாம் கேட்பார்களோ கேட்கட்டும். நான் ஒன்றிரண்டு தப்பாகவே சொல்லுகிறேன். அவர் எனக்கு எடுத்துக் கொடுக்க வருவார், சும்மா இருக்கமாட்டார், அப்போது பேச்சோடு பேச்சாக அவரையும் கேட்கட்டும். அதுவரைக்கும் அம்மாவுக்குத்தான் மறதி என்று அவர் காதில் விழும்படி நீயும் சொல், மாலதியும் சொல்லட்டும், தஞ்சோங் ரம்புத்தான் என்றுகூடச் சொல்லட்டும், நான் தலையாட்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும். அன்றைக்கு வண்டியை நீதான் ஓட்டவேண்டும், அன்றைக்குப் பிறகும் அவர் ஓட்டக் கூடாது என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க ஓட்டியே நம்மைக் காப்பாற்றிய மனிதர். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் வருகிற வழியில் யோசித்துக்கொண்டு வா.

உன் அம்மா